மாதா தேருக்கு நாலு ஷாக்

ஈவ்லின்: அமுக்கு. இன்னும்... போதும். இப்ப கைய எடு.

ஆஸ்வின்: எடுத்தாச்சு.

ஈவ்லின்: எடுக்கல நீ.

ஆஸ்வின்: ரெண்டு கையும் மேல தூக்கிட்டேன், பாரு. ரிமோட் கார்தான் எழுந்திருக்க மாட்டேங்குது.

ஈவ்லின்: அமுக்கினா அமுங்கணும், விட்டா எழுந்திருக்கணும். அதுக்குத்தானே ஷாக் அப்சார்பர்? இது என்னடான்னா பின்பக்கத்த தரையில வெச்சு சட்டமா உக்காந்துருக்கு.

ஆஸ்வின்: ஒரு வருஷம் பரண்ல கெடந்துச்சில்ல... தூக்கக் கலக்கமா இருக்கும்.

ஈவ்லின்: பரண்ல யாரு போட்டது?

ஆஸ்வின்: நான்தான். கண்ணுல படாம இருக்கட்டும்னு.

ஈவ்லின்: யாரு கண்ணுல?

ஆஸ்வின்: மம்மி கண்ணுல. வேற யாரு... ஈவ், நான் ஒண்ணு சொல்லட்டுமா?

ஈவ்லின்: வேணாம்.

ஆஸ்வின்: இன்னும் சொல்லவே இல்லையேடி.

ஈவ்லின்: "இந்த வருஷம் ரிமோட் கார் வேணாம், தேர பசங்க கயிறு கட்டி இழுக்கட்டும்." இதானே? காலையில இருந்து மூணு தடவ சொல்லிட்ட.

ஆஸ்வின்: திருநாள் ஏற்பாடு பாக்கற வால்டர் அங்கிள் கயிறே வாங்கிட்டாரு. பச்சை நைலான் கயிறு. தெரு அன்பியக் கூட்டத்துல எல்லாரும் பாத்தாச்சு, நல்லாயிருக்குன்னாச்சு.

ஈவ்லின்: கொடித்தோரணம் கட்ட ஆகும் அந்தக் கயிறு. நம்ம தெரு மாதாவோட குட்டித் தேர் இந்தக் கார் மேலதான் போகும். ரிமோட் உன் கையிலதான் இருக்கும். இன்னைக்கு ஆறரைக்கு ஜெபமாலை, ஏழுக்குத் தேர். நான் முடிவு பண்ணிட்டேன்.

ஆஸ்வின்: நீ முடிவு பண்ணா போதுமா? மாதா சுரூபம், அந்தச் சிலை, மம்மியோடது. மம்மி சொன்னது கேட்டல்ல? "ரிமோட் இவன் கையில இருந்தா என் மாதா வாசப்படி தாண்ட மாட்டாங்க."

ஈவ்லின்: கேட்டேன். போன வருஷமும் கேட்டேன். "கண்ணு மண்ணு தெரியாம ஓட்டி மாதாவ ரோட்ல போட்டுட்டியேடா பாவி"ன்னு ஸ்பீட் பிரேக்கர்கிட்ட நின்னு அத்தை கத்தினாங்களே... பக்கத்துலதான் நின்னேன். கல்யாணமாகி நாலு மாசம். வாயே தெறக்கல நான்.

ஆஸ்வின்: தெறந்து என்ன சொல்லியிருப்ப? ரிமோட் வெச்சிருந்தது நானு.

ஈவ்லின்: வேகமா ஓட்டினியா?

ஆஸ்வின்: ...கொஞ்சம்.

ஈவ்லின்: எவ்வளவு கொஞ்சம்?

ஆஸ்வின்: மீட்டரா வெச்சிருந்தேன்? ஓட்டினேன், விழுந்துச்சு, மாதாவோட வலது கை உடைஞ்சுது, மம்மி ஒட்ட வெச்சாங்க. முடிஞ்சு போச்சு.

ஈவ்லின்: எங்க முடிஞ்சுது? தெருவுல நடந்தா பொடிசுங்க எல்லாம் "ஸ்பீடு அங்கிள்"னு கூப்பிடுதுங்க. கிறிஸ்மஸ் குடிலுக்கு லைட் போடப் போன, "நீ தொடாதப்பா"ன்னு அனுப்பிட்டாங்க. திரும்பி வந்து டிவி பாக்கற மாதிரி உக்காந்திருந்த. டிவி ஆஃப்ல இருந்துச்சு. ஸ்க்ரூ டிரைவர் குடு.

ஆஸ்வின்: எதுக்கு?

ஈவ்லின்: காது குடையறதுக்கு. ஷாக்க கழட்டணும்டா!

ஆஸ்வின்: கழட்டாத... வேணாம் ஈவ். அப்படியே புதுசா நாலு ஆர்டர் போட்டுடலாம்.

ஈவ்லின்: வர்றதுக்கு நாலு நாள் ஆகும். மாதா பொறந்தநாள் முடிஞ்சு, பந்தல் பிரிச்சு, சேர் எல்லாம் லாரியில ஏத்தினப்புறம் ஓட்டுவோமா?

ஆஸ்வின்: உன்கூட பேசி ஜெயிக்க முடியாது. ஊரு உலகத்துல பொண்ணுங்க சீர்வரிசைக்கு பீரோ, கட்டில் கொண்டு வருவாங்க. என் பொண்டாட்டி ரிமோட் காரும் டூல் பாக்ஸும் கொண்டு வந்தா.

ஈவ்லின்: பீரோ ஓடுமா? கட்டில் ஸ்பீட் பிரேக்கர் ஏறுமா? புடி இத. கீழ் மூடிய திருகறேன்... அது என்ன சத்தம், கீச் கீச்னு? எலியா?

ஆஸ்வின்: மம்மியோட தையல் மிஷின். மாதாவுக்கு நீல அங்கி தைக்கறாங்க.

ஈவ்லின்: மாதா வாசப்படி தாண்ட மாட்டாங்க, அங்கி மட்டும் ரெடியாகுதா? பாத்தியா, அவங்களுக்கும் ஆசைதான். மிஷினுக்கு எண்ணெய் விடுங்க அத்தைன்னு ஒரு வருஷமா சொல்றேன். கேக்கறதே இல்ல.

ஆஸ்வின்: "அது அப்படியே ஓடும்"பாங்க.

ஈவ்லின்: வந்துடுச்சு மூடி... இரு...

ஆஸ்வின்: என்ன?

ஈவ்லின்: லைட்டுகிட்ட கொண்டு போய்ப் பாக்கறேன்.

ஆஸ்வின்: ஈவ்?

ஈவ்லின்: ஒண்ணுமில்ல. வளையம்தான்... தண்டு இது வழியாத்தானே உள்ள போய் வெளிய வரும்? இந்த ரப்பர் வளையம் கொஞ்சம் பழசாயிடுச்சு. அதான் புடிச்சிக்கிச்சு.

ஆஸ்வின்: ஆங்... பழசு. பழசானா அப்படித்தான் ஊதும்.

ஈவ்லின்: ஊதியிருக்குன்னு நான் சொல்லவே இல்லையே.

ஆஸ்வின்: சொன்னியே... இல்ல? எனக்கு அப்படித்தான் காதுல விழுந்துச்சு. சரி, என்ன வாங்கணும் சொல்லு. வண்டிய எடுக்கறேன்.

ஈவ்லின்: ஷாக்குக்கு ரெண்டுன்னு எட்டு வளையம். மேல் மூடிக்கு அடியில வர்ற ரப்பர் தட்டு நாலு. கெடைக்கலன்னு மட்டும் திரும்பி வராத. பழசு எல்லாத்தையும் கவர்ல போட்டுத் தரேன், காட்டி வாங்கு.

* * *

ஆஸ்வின்: ஹலோ, ஈவ்... கேக்குதா? சிந்தாதிரிப்பேட்டையில இருக்கேன். தி.நகர்ல அந்த ரிமோட் கார் கடையில இல்ல. "அந்த மாடலே நின்னு போச்சு சார்"னு கைய விரிச்சுட்டான். அப்புறம் பம்பு கடை, பைக் ஸ்பேர் கடைன்னு நாலு எடம் ஏறி எறங்கி, இப்ப கலீமுல்லா பாய்னு ஒருத்தர் கடைக்கு வந்திருக்கேன். சீல், வாஷர் மட்டும்தான் விக்கிறாரு. ஸ்பீக்கர்ல போடறேன், நீயே பேசு. எனக்கு மில்லிமீட்டர் எல்லாம் வராது.

கலீமுல்லா: சலாம்மா. இன்னா சைஸ் வோணும்?

ஈவ்லின்: வணக்கம் பாய். உள் விட்டம் மூணரை, தடிமன் ரெண்டு. எட்டு வளையம்.

கலீமுல்லா: பொடி சைசாகீதே. இன்னா வண்டி இது?

ஈவ்லின்: பொம்மை கார் பாய்.

கலீமுல்லா: அரே அல்லா! ஜேசிபிக்கு சீல் குடுத்துக்கினு கீறேன் நானு. என்னாண்ட வந்து பொம்மை காருக்கா?

ஈவ்லின்: பொம்மை கார் மேல தேர் வரும் பாய். தேர் மேல மாதா வருவாங்க. வேளாங்கண்ணி மாதா. இன்னைக்கு சாயங்காலம்.

கலீமுல்லா: ...அத மொதல்ல சொல்லத் தாவல? ஒக்காரு நைனா, ஒக்காரு. டீ சொல்றேன். எங்க ஊட்டுக்காரி அஃப்சருன்னிசா வருசா வருசம் பெசன்ட் நகர் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏத்திட்டு வரும். பழசு கொண்டாந்துக்கிறியா? காட்டு... இன்னாப்பா இது? இப்டி ஊதிக்கினு கீது?

ஆஸ்வின்: பழசு பாய். அத விடுங்க. புதுசு எடுங்க...

கலீமுல்லா: பழசானா ரப்பர் காயும், வெடிக்கும். ஊதாது நைனா. இது எண்ணெய குட்ச்சிக்கீது. தப்பு எண்ணெய்.

ஆஸ்வின்: பாய், நேரமாவுது...

ஈவ்லின்: நீ சும்மா இரு ஆஸ்வின். பாய், அதுல நான் சிலிக்கான் எண்ணெய்தான் ஊத்தினேன். என் கையால ஊத்தினேன்.

கலீமுல்லா: சிலிக்கானுக்கு இந்த ரப்பர் அசையாதும்மா. பெட்ரோல்லர்ந்து எடுக்கற எண்ணெய் கீது பாரு, பைக்குக்கு ஊத்தறது, மிஷினுக்கு வுடறது... அந்த ஜாதி பட்டாதான் இப்டி ஆவும். முப்பது வருசமா இதே தொழில். என் கண்ணு தப்பாது.

ஈவ்லின்: எவ்வளவு நேரத்துல ஊதும் பாய்?

கலீமுல்லா: ஒரு ராத்திரி ஊறினா போதும். தண்டு உள்ள போவும், வெளிய வராது. மேடு பள்ளம் வந்தா அப்டியே புட்சிக்கும். வண்டி ஒரு பக்கமா சாஞ்சிரும்.

ஈவ்லின்: சாஞ்சிரும்...

கலீமுல்லா: சாஞ்சா மேல கீறது கீய வுயும். எவ்ளோ மெதுவா ஓட்னாலும் வுயும்.

ஆஸ்வின்: ஈவ், ஸ்பீக்கர ஆஃப் பண்றேன்.

ஈவ்லின்: பண்ணாத! பாய், இப்ப புதுசு எது போடணும்?

கலீமுல்லா: இந்தக் கறுப்பு போடு. எந்த எண்ணெய் ஊத்துனாலும் தாங்கும். எட்டு இல்ல, பன்னெண்டு தரேன். மாட்டும்போது நாலு அறுத்துப்பூடுவீங்க, எனக்குத் தெரியும். மூடிக்கு அடியில வர்றதுக்கு ஷீட்ல வட்டமா நாலு வெட்டித் தரேன். தேரு போறத வீடியோ எடுத்து அனுப்பும்மா. ஊட்ல காட்டணும்.

ஈவ்லின்: கண்டிப்பா பாய். ரொம்ப தாங்க்ஸ்... ஆஸ்வின், நீ இப்ப ஒண்ணு சொல்லு. போன வருஷம் வேகமா ஓட்டினியா?

ஆஸ்வின்: காலையிலயே சொன்னேனே.

ஈவ்லின்: இப்ப கேக்கறேன்.

ஆஸ்வின்: ஹலோ? ஹலோ... சிக்னல் சரியில்ல ஈவ்... வந்து பேசறேன்...

ஈவ்லின்: சிந்தாதிரிப்பேட்டையில சிக்னல் இல்லையா? டேய்! ...வெச்சுட்டான்.

* * *

ஈவ்லின்: அத்தை, உள்ள வரலாமா?

ஆலிஸ்: பேசாத, நூல் கோக்கறேன்... ம். ஆச்சு. என்ன?

ஈவ்லின்: ட்ரெட்மில் வாங்கினப்ப கூடவே ஒரு எண்ணெய் பாட்டில் குடுத்தாங்களே, இருக்கா?

ஆலிஸ்: எந்த ட்ரெட்மில்?

ஈவ்லின்: நீங்க துண்டு காயப்போடறீங்களே, அது.

ஆலிஸ்: டாக்டர் நடக்கச் சொன்னாரு. நடந்தேன். ரெண்டு நாள். அப்புறம் முட்டி வேணாம்னுச்சு... பாட்டில் அதோ, ஜன்னல் மேல. பிரிக்கவே இல்ல. உனக்கு எதுக்கு எண்ணெய்?

ஈவ்லின்: கார் ஷாக்குக்குள்ள ஊத்தணும். என் டூல் பாக்ஸ்ல ஒரு பாட்டில் இருந்துச்சு, எங்க போச்சுன்னே தெரியல.

ஆலிஸ்: ...தீர்ந்துருக்கும்.

ஈவ்லின்: பாட்டிலும் சேர்ந்தா தீரும்? சரி விடுங்க. ட்ரெட்மில் பெல்ட்டுக்கு விடறதும் சிலிக்கான் எண்ணெய்தான். இது போதும் எனக்கு.

ஆலிஸ்: நில்லு. சிலிக்கான்தானா? நல்லா தெரியுமா?

ஈவ்லின்: தெரியும் அத்தை.

ஆலிஸ்: தெரியும்னா போதாது. லேபிள படி. சத்தமா.

ஈவ்லின்: "நூறு சதவீதம் சிலிக்கான். ட்ரெட்மில் உபயோகத்துக்கு மட்டும்."

ஆலிஸ்: இன்னொரு தடவ.

ஈவ்லின்: அத்தை!

ஆலிஸ்: படிம்மா.

ஈவ்லின்: "நூறு சதவீதம் சிலிக்கான்."

ஆலிஸ்: மூடியில சீல் இருக்கா? யாரும் தெறக்கலையே?

ஈவ்லின்: தெறக்கல. என்ன, புதுசா எண்ணெய் இன்ஸ்பெக்டர் வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?

ஆலிஸ்: முப்பத்திரெண்டு வருஷம் டீச்சர். கேள்விய ரெண்டு தடவ படிக்கச் சொல்றது கூடவே வந்த பழக்கம். எடுத்துட்டுப் போ.

ஈவ்லின்: மிஷின் தெரு முனை வரைக்கும் கத்துது. அதுக்கும் எண்ணெய் விட்டுத் தரட்டா?

ஆலிஸ்: இந்த மிஷினுக்கு ஒரு எண்ணெயும் வேணாம். அது அப்படியே ஓடும்.

ஈவ்லின்: சரி... அத்தை, மாதாவ இன்னைக்குக் குடுங்க.

ஆலிஸ்: கயிறு கட்டி இழுத்தா குடுக்கறேன்.

ஈவ்லின்: அவரு ரிமோட் புடிச்சா?

ஆலிஸ்: அதான் சொல்லிட்டேனே.

ஈவ்லின்: அவரு வேகமாவே ஓட்டியிருக்கலன்னா?

ஆலிஸ்: ...அவனே ஒத்துக்கிட்டான். தெருவே கேட்டுச்சு. இப்ப எதுக்கு அதெல்லாம் கிளறிக்கிட்டு?

ஈவ்லின்: நீங்க டீச்சர்தானே? ஒரு பரீட்சை வைங்க. தேர் வர்ற பலகை மேல ஒரு டம்ளர் தண்ணி. நம்ம கேட்டுக்கு முன்னாடி இருக்கற அதே ஸ்பீட் பிரேக்கர். அவருதான் ஓட்டுவாரு. ஏறி எறங்கறதுக்குள்ள ஒரு சொட்டு சிந்தினா கயிறு. சிந்தலன்னா மாதா.

ஆலிஸ்: டம்ளர் விளிம்பு வரைக்கும் தண்ணியா?

ஈவ்லின்: ஒரு விரக்கடை விட்டு. பரீட்சை காருக்குத்தான் அத்தை, சர்க்கஸ்காரிக்கு இல்ல.

ஆலிஸ்: அடேங்கப்பா, வாய் நீண்டுடுச்சு உனக்கு. வந்த புதுசுல கூப்பிட்டாகூட "ம்"னு மட்டும்தான் சொல்லுவ.

ஈவ்லின்: அதனாலதான் அத்தை இவ்வளவும்.

ஆலிஸ்: என்ன சொன்ன?

ஈவ்லின்: ஒண்ணுமில்ல. அஞ்சு மணிக்கு வாசலுக்கு வாங்க. டம்ளர் நீங்களே கொண்டு வாங்க.

* * *

ஆஸ்வின்: போச்சு. இதுவும் அறுந்துடுச்சு.

ஈவ்லின்: எத்தனை ஆச்சு?

ஆஸ்வின்: மூணு. தண்டு நுனியில மரை இருக்கில்ல, அது பிளேடு மாதிரி வெட்டுது. பாய் சரியாத்தான் சொன்னாரு, நாலு போகும்னு.

ஈவ்லின்: நாலு போனா சரியா எட்டு மிஞ்சும். அஞ்சாவது போச்சுன்னா கயிறுதான். பதறாம மாட்டு.

ஆலிஸ்: தள்ளு.

ஆஸ்வின்: மம்மி? அஞ்சு மணிக்குத்தானே...

ஆலிஸ்: வேடிக்கை பாக்க வந்தேன். பாக்கச் சகிக்கல. நுனியில இந்த பாலிதீன் துண்ட சுத்து. இறுக்கி. இப்ப வளையத்த அது மேல வழுக்கி விடு. அப்படியே உள்ள போயிடும். பாலிதீன உருவு. பாவாடையில நாடா கோத்தவளுக்குத் தெரியாதா? குடு அந்த டப்பாவ.

ஈவ்லின்: ஒண்ணு... ரெண்டு... அத்தை, சூப்பர்.

ஆலிஸ்: ஏழு, எட்டு. இந்தா. மாதா அங்கிக்கு இன்னும் பட்டன் வெக்கணும், நான் போறேன்... எண்ணெய ஊத்தும்போது பாத்து ஊத்துங்க.

ஆஸ்வின்: போயிட்டாங்களா? என்ன ஆச்சு மம்மிக்கு? காலையில மாதா வாசப்படி தாண்ட மாட்டாங்கன்னாங்க...

ஈவ்லின்: உக்காரு. இத நேரா புடி. எண்ணெய் ஊத்தறேன். தண்ட மெதுவா மேல, கீழ... மெதுவா. குமிழி வருது பாரு. எல்லாக் குமிழியும் மேல வந்து உடையணும். அஞ்சு நிமிஷம் ஆகும். அசையாத.

ஆஸ்வின்: அசையல.

ஈவ்லின்: இப்ப எழுந்து ஓட முடியாது உன்னால. ஓடினா எண்ணெய் கொட்டிடும். சிக்னலும் நல்லாயிருக்கு. சொல்லு. வேகமா ஓட்டினியா?

ஆஸ்வின்: ...திட்டம் போட்டுத்தான் கையில குடுத்தியா?

ஈவ்லின்: சொல்லுடா.

ஆஸ்வின்: இல்ல. நடந்து வந்த பசங்களே என்னத் தாண்டிப் போனாங்க. ஸ்பீட் பிரேக்கர்ல ஏறும்போது கிட்டத்தட்ட நிறுத்திட்டேன்.

ஈவ்லின்: ஷாக்லதான் கோளாறுன்னு எப்பத் தெரியும் உனக்கு?

ஆஸ்வின்: அன்னைக்கு ராத்திரியே. காரத் தொடைக்கும்போது ஒண்ண கழட்டிப் பாத்தேன். ஊதியிருந்துச்சு. எண்ணெய் வாசனையும் வேற மாதிரி அடிச்சுது. மறுபடி மூடி பரண்ல போட்டேன்.

ஈவ்லின்: என் கண்ணுல படக்கூடாதுன்னு.

ஆஸ்வின்: ...ஆமா.

ஈவ்லின்: அப்ப ஒரு வருஷமா நீ எனக்காக திட்டு வாங்கியிருக்க.

ஆஸ்வின்: எனக்கு முப்பது வருஷமா மம்மிகிட்ட திட்டு வாங்கிப் பழக்கம். உனக்குப் பழக்கம் இல்ல. வந்து நாலு மாசத்துல "மாதாவ உடைச்சவ"ன்னு பேர் வந்தா, அப்புறம் இந்த வீட்ல எப்படி இருப்ப?

ஈவ்லின்: லூசாடா நீ... அழ வெக்காத, குமிழிய பாக்கணும் நான். எனக்கும் அன்னைக்கே சந்தேகம்தான் ஆஸ்வின். வேகத்துல விழுந்திருந்தா முன்னாடி கவுந்திருக்கும். இது சாஞ்சு விழுந்துச்சு. தெரிஞ்சும் வாயத் தெறக்கல. பயம். இன்னைக்குத் தெறந்து பாத்தப்பகூட பழசுன்னு பொய் சொன்னேன். ஆனா சத்தியமா எனக்குப் புரியல. அதே பாட்டில்தான். லேபிள் பாத்துதான் ஊத்தினேன்.

ஆஸ்வின்: கம்பெனிக்காரன் மாத்தி அடைச்சிருப்பான். விடு.

ஈவ்லின்: ஊத்தினது என் கை. அது போதும். அத்தைகிட்ட சொல்லிடப்போறேன்.

ஆஸ்வின்: ஈவ், வேணாம்! டம்ளர் டெஸ்ட் முடியட்டும், ஜெயிச்சா தேர் ஓட்டப்போறோம். பழச எதுக்கு இழுக்கற?

ஈவ்லின்: குமிழி நின்னுடுச்சு. மூடு. அடுத்தத எடு.

* * *

ஈவ்லின்: ரெண்டு உள்ளங்கையிலயும் ஒண்ணு ஒண்ணு வெச்சு அமுக்கிப் பாத்துட்டேன் அத்தை. இடதும் வலதும் ஒரே மாதிரி எழுந்திருக்கு. மாட்டியாச்சு. டம்ளர வைங்க.

ஆலிஸ்: வெச்சாச்சு. ஒரு விரக்கடை. பாத்துக்கோங்க, அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது.

ஆஸ்வின்: ஈவ், நீயே ஓட்டேன். இந்தா ரிமோட்.

ஈவ்லின்: உன் கையிலயே இருக்கட்டும். ஓட்டு.

ஆஸ்வின்: சரி... போகுது... ஸ்பீட் பிரேக்கர் வந்துடுச்சு...

ஈவ்லின்: ஏறுது. பின்சக்கரம்... ஏறிடுச்சு...

ஆலிஸ்: அமுங்குது! சாயுது!

ஈவ்லின்: சாயல அத்தை, அமுங்குது. அமுங்கணும். இப்ப எழுந்திருக்கும் பாருங்க... எழுந்துடுச்சு! எழுந்துடுச்சு ஆஸ்வின்!

ஆஸ்வின்: இறக்கறேன்... இறங்கிடுச்சு. தண்ணி?

ஆலிஸ்: நகரு, நான் பாக்கணும். பலகைய தொட்டுப் பாக்கறேன்... காஞ்சிருக்கு. ஒரு சொட்டு இல்ல.

ஆஸ்வின்: மம்மி! அப்ப...

ஆலிஸ்: குடுத்த வாக்கு வாக்குதான். மாதா வருவாங்க. கையில ஒட்டின தழும்பு தெரியாம அங்கிக்கு கைய நீளமா வெச்சுத் தெச்சிருக்கேன்.

ஆஸ்வின்: டம்ளர குடுங்க. இந்தத் தண்ணிய நானே குடிச்சுடறேன்.

ஈவ்லின்: அத்தை, போகாதீங்க. ஒண்ணு சொல்லணும்.

ஆஸ்வின்: ஈவ்...

ஈவ்லின்: போன வருஷம் இவரு வேகமா ஓட்டல. ஷாக்குக்குள்ள எண்ணெய் தப்பு. முந்தின நாள் ஊத்தினது நான். எப்படித் தப்பாச்சுன்னு தெரியல, ஆனா ஊத்தினது நான். எட்டு வளையமும் ஊதி, ஷாக் மாட்டிக்கிச்சு, மாதா விழுந்தாங்க. இவரு தெரிஞ்சே பழிய ஏத்துக்கிட்டாரு. நான் பயந்து வாய மூடிக்கிட்டேன். என்ன திட்டணும்னா திட்டுங்க.

ஆஸ்வின்: மம்மி, அவ வேணும்னு பண்ணல. ஏதோ கம்பெனி தப்பு...

ஈவ்லின்: நீ நடுவுல வராத. அத்தை, உங்ககிட்ட சொன்னா மட்டும் பத்தாது. இவர தெருவே பேசிச்சு. அதனால தெருவுக்கும் சொல்லணும். ஆறரைக்கு எல்லாரும் ஜெபமாலைக்கு உக்காருவாங்க. வால்டர் அங்கிள்கிட்ட மைக் வாங்கி, மாதாவ விழ வெச்சது நான்தான்னு சொல்லப்போறேன்.

ஆஸ்வின்: பைத்தியமா உனக்கு? ஊரு வாய்க்கு நீயே போய் விழுவியா? மம்மி, சொல்லுங்க அவகிட்ட!

ஈவ்லின்: அத்தை... நான் போறேன். பந்தல்ல அவரு மைக் டெஸ்ட் பண்ணிக்கிட்டிருக்காரு.

ஆலிஸ்: நில்லு, ஈவ்லின். மைக்க நீ தொடாத, தெருவுக்கு நான் சொல்றேன்... போன வருஷத் திருநாளுக்குத் தூசி தட்டும்போது உன் பாட்டில தட்டி விட்டுட்டேன். மூடி சரியா மூடல போல, மொத்தமும் கொட்டிடுச்சு. மருமக வந்து நாலு மாசம்தான் ஆகுது, அவ பொருள பாழ் பண்ணிட்டேனேன்னு சங்கடம். அதுவும் தண்ணி மாதிரி இருந்துச்சு, என் தையல் மிஷின் எண்ணெயும் தண்ணி மாதிரி இருந்துச்சு... அத உன் பாட்டில்ல ஊத்தி, மூடி, இருந்த எடத்துலயே வெச்சுட்டேன். இவன திட்டினப்ப சத்தியமா எனக்குத் தெரியாது. ராத்திரி இவன் தனியா உக்காந்து வளையத்த மோந்து பாத்து, "எண்ணெய் தப்பு"ன்னு முணுமுணுத்தான். கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். அப்பதான் புரிஞ்சுது. மறுநாளே ரெண்டு பாட்டிலையும் குப்பையில போட்டேன். அதுக்கப்புறம் அந்த மிஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட எனக்குக் கை வரல. தப்ப ஒத்துக்கோன்னு எத்தனை பிள்ளைங்கள முட்டி போட வெச்சிருப்பேன்... ஒரு வருஷமா எனக்கு வாய் வரலடா ஆஸ்வின். ரிமோட்ட எடு. மாதாவ நான் தூக்கிட்டு வரேன். போன வருஷம் ஓட்டின மாதிரியே மெதுவா ஓட்டு.